தோட்டக்காரர் கட்டிய கண்ணாடி மாளிகை



நம்ம ஊர் பைபாஸ் ரோட்டோரம் இப்போது எழும்பும் ஷெட்டுகளைப் பார்த்திருப்பீர்கள். தூண், உத்திரம், கூரைத் தகடு எல்லாம் எங்கோ ஒரு தொழிற்சாலையில் அளவெடுத்துச் செய்து, லாரியில் வந்து இறங்கும். போல்ட் முறுக்கினால் முடிந்தது வேலை. இந்த முறையை உலகமே வாய்பிளந்து பார்க்கும்படி முதன்முதலில் பெரிய அளவில் செய்து காட்டியவர் எஞ்சினியர் அல்ல, ஒரு தோட்டக்காரர். பெயர் ஜோசப் பாக்ஸ்டன்.

1803-ல் இங்கிலாந்தில் மில்டன் பிரையன் என்ற கிராமத்தில், ஓர் ஏழை விவசாயியின் ஏழாவது மகனாகப் பிறந்தார். பட்டமும் இல்லை, பட்டயமும் இல்லை. சின்ன வயதிலேயே தோட்ட வேலை. லண்டன் பக்கம் தோட்டக்கலைச் சங்கத்தில் வேலை பார்த்தபோது, அடுத்த வளவுக்காரரான டெவன்ஷயர் பிரபுவுக்கு இந்தப் பையனைப் பிடித்துப்போயிற்று. 1826-ல், 22 வயதில், சாட்ஸ்வர்த் மாளிகையின் தலைமைத் தோட்டக்காரர் ஆனார். முதல் நாள் வெள்ளனே நாலரை மணிக்கே போய்ச் சேர்ந்தாராம். கேட் பூட்டிக் கிடக்க, ஏறிக் குதித்து, தோட்டம் முழுக்கச் சுற்றிப் பார்த்து, ஆட்களுக்கு வேலையும் கொடுத்துவிட்டார். பொறவு காலைச் சாப்பாட்டுக்கு உட்கார்ந்த இடத்தில், வீட்டு நிர்வாகி அம்மாளின் உறவுப் பெண் சாராவைக் கண்டார். அடுத்த வருஷமே கல்யாணம்!

மொரீஷியஸிலிருந்து வந்த ஒரு குட்டை வாழையைக் குளிர்நாட்டில் கண்ணாடிக் கூட்டுக்குள் வளர்த்து 1835-ல் குலை தள்ள வைத்தவரும் இவர்தான். பிரபுவின் குடும்பப் பெயரான காவண்டிஷ்தான் அந்த வாழைக்கும் பெயர். நாம் கடையில் வாங்கும் ரோபஸ்டா அந்த வர்க்கம். (மட்டிப் பழம் தின்று வளர்ந்த நமக்கு ரோபஸ்டா ஒரு பழமா என்பது வேறு விஷயம்.) எங்க அப்பா வாழைத் தோட்டத்தில் கூலிக்குப் போகிறவர். இந்தக் கதையை அவரிடம் சொன்னபோது வாழையைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. தோட்டத்தில் தண்ணி விடுகிறவனைப் பெரிய மனுஷர் சபையில் பேச விட்டார்களா என்றுதான் கேட்டார். எனக்கும் அதே கேள்விதான்.

விட்டார்கள் என்று சொல்வதைவிட, இவரே நுழைந்தார் என்பதுதான் சரி. 1851-ல் லண்டன் ஹைட் பார்க்கில் உலகப் பொருட்காட்சி நடத்த முடிவாயிற்று. கட்டடத்துக்குப் போட்டி வைத்தார்கள். 245 டிசைன் வந்தும் ஒன்றும் தேறவில்லை. கமிட்டியே ஒன்று போட்டது. லட்சக்கணக்கில் செங்கல், மேலே பிரம்மாண்டமான கோபுரம். ஒரு வருஷத்துக்குள் எப்படிக் கட்ட? பொருட்காட்சி முடிந்ததும் எப்படி இடிக்க? 1850 ஜூன் 11-ல் டெர்பி நகரில் ஒரு ரயில்வே கம்பெனிக் கூட்டத்தில் உட்கார்ந்திருந்த பாக்ஸ்டன், மை ஒற்றும் தாளில் ஒரு படம் கிறுக்கினார். சில நாளிலேயே முழு வரைபடமும் தயார். ஜூலையில் அதைப் பத்திரிகையில் வெளியிட்டு, ஜனங்களைத் தன் பக்கம் இழுத்தும்விட்டார். ஆள் கெட்டிக்காரர்! அதோடு, பிரபுவின் ஆதரவு முதுகுக்குப் பின்னால் இருந்தது. அதை மறைத்துப் பேசுவது நியாயமில்லை.

இனி கொட்டேஷன் கதை. ஃபாக்ஸ் ஹெண்டர்சன் கம்பெனி கேட்டது 79,800 பவுன். அந்த விலை எப்படிக் கட்டுப்படியாயிற்று தெரியுமா? பொருட்காட்சி முடிந்ததும் இரும்பும் கண்ணாடியும் திரும்பக் கம்பெனிக்கே என்பது பேச்சு. கழற்றி எடுக்க முடிகிற கட்டடத்துக்கு மட்டும்தான் இப்படி ஒப்பந்தம் போட முடியும். செங்கல் கோபுரத்துக்கு முடியுமா?

டிசைனின் உயிர் 24 அடி. தூணுக்குத் தூண் 24 அடி. உத்திரங்கள் 24, 48, 72 என்று அதன் மடங்குகளில். ஒரே அச்சில் ஆயிரக்கணக்கில் வார்க்கலாம். கண்ணாடியும் ஒரே அளவு, 49-க்கு 10 அங்குலம், கிட்டத்தட்ட 3 லட்சம் துண்டு. தூண் உள்ளே பொள்ளை. கூரைத் தண்ணீர் அதன் வழியே இறங்கும். பைப் தனியாக வாங்க வேண்டாம்! உத்திரங்களை ஏற்றுவதற்கு முன் அங்கேயே பாரம் கொடுத்துச் சோதித்தார்கள். பார்க்கில் நின்ற எல்ம் மரங்களை வெட்ட விடவில்லை என்பதால், நடுவில் வளைவுக் கூரை போட்டு மரங்களை உள்ளேயே நிறுத்திவிட்டார்கள். செப்டம்பர் 26-ல் முதல் தூண் நின்றது. 1848 அடி நீள மாளிகை 1851 மே 1-ல் திறப்பு விழா கண்டது. நம்ம லேப் கட்டடத்துக்கு எத்தனை வருஷம் ஆயிற்று என்று சீனியர்களைக் கேட்டுப் பாருங்கள்!

இரண்டு விஷயம் சொல்லியாக வேண்டும். இது ஸ்டீல் இல்லை. வார்ப்பிரும்பும் தேனிரும்பும் மரமும்தான். ஸ்டீலை மலிவாக்கிய பெஸ்ஸமர் முறை 1856-ல்தான் வந்தது. அடுத்தது, தூணும் உத்திரமுமாக விவர வரைபடங்களை இராப்பகலாகப் போட்டவர் காண்டிராக்டர் சார்லஸ் ஃபாக்ஸ். பெயர் பாக்ஸ்டனுக்குப் போயிற்று. டிராயிங் ஹாலில் முதுகு ஒடிய நிற்கும் நாம் ஃபாக்ஸையும் நினைக்க வேண்டாமா?

அறுபது லட்சம் பேர் வந்து பார்த்த பொருட்காட்சியில் லாபமும் வந்தது. மழைக்கு ஒழுகவும் செய்தது. பாக்ஸ்டனுக்கு சர் பட்டம் கிடைத்தது. பிறகு மாளிகையைக் கழற்றி சிடனம் என்ற இடத்தில் இன்னும் பெரிதாக எழுப்பி 1854-ல் திறந்தார்கள். பார்த்துக்கோங்க, முதல் தடவை கணக்காக முடித்த அதே மனிதர், இரண்டாம் தடவை கோபுரமும் நீரூற்றுமாகக் கூட்டிக்கொண்டே போய்ச் செலவை மதிப்பீட்டுக்கு இரண்டு மடங்குக்கும் மேல் இழுத்துவிட்டார். அந்தக் கடனிலிருந்து கம்பெனி கடைசிவரை தலைதூக்கவே இல்லை.

பாக்ஸ்டன் 1854-ல் பாராளுமன்ற உறுப்பினர் ஆனார். 1865-ல் காலமானார். சிடனம் மாளிகை 1936-ல் ஒரே ராத்திரியில் எரிந்துபோயிற்று. அதன் சாயலில் 1889-ல் அடிக்கல் நாட்டிய பெங்களூர் லால்பாக் கண்ணாடி மாளிகை இன்றும் நிற்கிறது. டூர் போனால் பூச்செடியைப் பார்த்துவிட்டு, அண்ணாந்து இணைப்புகளையும் பாருங்கள்.

(சிவில், இரண்டாம் ஆண்டு)