சுபாஷ் முகோபாத்யாய்

சுபாஷ் முகோபாத்யாய் (ஜனவரி 16, 1931 - ஜூன் 19, 1981) ஓர் இந்திய மருத்துவர். பாலூட்டிகளின் இனப்பெருக்க உடலியங்கியலில் ஆய்வு செய்தவர். இவர் சுபாஷ் முகர்ஜி என்றும் அழைக்கப்படுகிறார். இந்தியாவின் முதல் சோதனைக்குழாய்க் குழந்தை இவரது முயற்சியால் 1978 அக்டோபர் 3 அன்று கொல்கத்தாவில் பிறந்தது. உலகின் முதல் சோதனைக்குழாய்க் குழந்தையான லூயிசு பிரவுன் இங்கிலாந்தில் பிறந்து அப்போது 70 நாட்களே ஆகியிருந்தன. எனினும் இவர் உயிருடன் இருந்தவரை இச்சாதனை ஏற்றுக்கொள்ளப்படவில்லை.

வாழ்க்கைக் குறிப்பு

இன்றைய ஜார்க்கண்ட் மாநிலத்திலுள்ள ஹசாரிபாகில் பிறந்தார். கல்கத்தா தேசிய மருத்துவக் கல்லூரியில் 1955 இல் மருத்துவப் பட்டம் பெற்றார். 1958 இல் கல்கத்தாப் பல்கலைக்கழகத்தில் இனப்பெருக்க உடலியங்கியலில் முனைவர் பட்டமும், 1967 இல் எடின்பரோ பல்கலைக்கழகத்தில் இரண்டாவது முனைவர் பட்டமும் பெற்றார். எடின்பரோவில் ஜான் லொரைன் என்பவரின் வழிகாட்டலில் லூட்டினாக்க இயக்குநீரை அளவிடுவது பற்றி ஆய்ந்தார். மூளையடிச் சுரப்பி சுரக்கும் இந்த இயக்குநீர் ஆண், பெண் இருபாலருக்கும் பொதுவானது. ஆணின் விந்தகத்தில் லேடிக் உயிரணுக்களைத் தூண்டி டெஸ்டோஸ்டிரோனைச் சுரக்கச் செய்வதும், பெண்ணின் சூலகத்திலிருந்து முட்டையை வெளியேறச் செய்வதும் இதுவே. நாடு திரும்பிய பின் மேற்கு வங்க அரசு மருத்துவக் கல்லூரிகளில் உடலியங்கியல் கற்பித்தார்.

ஆய்வின் பின்னணி

உடலுக்கு வெளியே கருத்தரிக்கச் செய்வதற்கு நீண்டகாலம் தடையாக இருந்தது விந்தணுவின் இயல்பாகும். பாலூட்டிகளின் விந்தணுக்கள் விந்தகத்தில் உருவாகி, விந்தகமேற்குழாயில் முதிர்ச்சியடைந்து நீந்தும் ஆற்றலைப் பெறுகின்றன. ஆனால் வெளிவந்தவுடன் அவற்றால் முட்டையைத் துளைக்க இயலாது. பெண்ணின் இனப்பெருக்கப் பாதையில் சில மணிநேரம் தங்கிய பின்னரே அத்தகுதியை அடைகின்றன. அமெரிக்காவில் சாங், ஆஸ்திரேலியாவில் ஆஸ்டின் ஆகிய இருவரும் 1951 இல் தனித்தனியே இதனைக் கண்டறிந்தனர். இந்நிலையை ஆய்வுக்கூடத்தில் உண்டாக்க முடிந்த பிறகுதான் சோதனைக்குழாய்க் கருத்தரிப்பு கைகூடியது. விந்தணுக்களைக் கிளிசரால் கலந்து உறையவைத்துப் பாதுகாக்கும் முறை 1949 இல் கண்டறியப்பட்டுக் கால்நடை வளர்ப்பில் பரவியிருந்தது. விந்தணுவை உறையவைப்பது எளிது. பல உயிரணுக்களைக் கொண்ட கருவை உறையவைப்பது அதைவிடக் கடினம்.

துர்காவின் பிறப்பு

கருக்குழாய் பழுதடைந்த ஒரு பெண்ணுக்கு முகோபாத்யாய் சிகிச்சை அளித்தார். உறைகுளிர் அறிவியலாளர் சுனித் முகர்ஜி, மகப்பேறு மருத்துவர் சரோஜ் காந்தி பட்டாச்சார்யா ஆகியோர் இவருக்குத் துணைநின்றனர். இங்கிலாந்துக் குழுவினர் இயற்கையான மாதச்சுழற்சியில் விளைந்த ஒற்றை முட்டையை உள்நோக்கிக் கருவி மூலம் எடுத்தனர். முகோபாத்யாயோ இயக்குநீர் ஊசிகளால் சூலகத்தைத் தூண்டி, ஒன்றுக்கு மேற்பட்ட முட்டைகளை யோனி வழியே எடுத்தார். கருவை டைமெத்தில் சல்பாக்சைடு கலந்து 53 நாட்கள் உறைநிலையில் வைத்திருந்து, பின்னொரு மாதச்சுழற்சியில் கருப்பையில் இட்டார். தூண்டப்பட்ட கருப்பை கருவை ஏற்க உகந்ததன்று என்பதே இந்தத் தாமதத்திற்குக் காரணம்.

இம்மூன்று உத்திகளும் பின்னாளில் உலகெங்கும் வழக்கமாயின. உறைநிலையில் வைக்கப்பட்ட கருவிலிருந்து பிறந்ததாக மருத்துவ உலகம் ஏற்றுக்கொண்ட முதல் குழந்தை 1984 இல் ஆஸ்திரேலியாவில் பிறந்தது.

விசாரணையும் மறைவும்

பிறந்த குழந்தைக்குத் துர்கா என்ற பெயர் வழங்கியது. செய்தி வெளியானதும் மேற்கு வங்க அரசு 1978 நவம்பரில் ஒரு விசாரணைக் குழுவை அமைத்தது. அக்குழுவில் சோதனைக்குழாய்க் கருத்தரிப்பில் அனுபவமுள்ள எவரும் இல்லை. அக்காலத்தில் நாட்டிலேயே அத்தகையோர் இல்லை எனலாம். குழு இவரது கூற்றைப் பொய்யென முடிவுசெய்தது. குழந்தையின் பெற்றோர் விளம்பரத்தை விரும்பாததால் முக்கியமான சான்றினை இவரால் முன்வைக்க இயலவில்லை. முழு விவரங்களையும் ஆய்விதழில் உடனே வெளியிடாததும் இவருக்குப் பாதகமாயிற்று. உறைகுளிரியல் இதழொன்றில் ஒரு குறுங்கட்டுரை மட்டுமே வெளிவந்திருந்தது. 1979 இல் ஜப்பானில் தம் ஆய்வை விளக்க அழைப்பு வந்தபோது அரசு அனுமதி மறுத்தது.

1981 ஜூன் மாதம் கொல்கத்தாவிலுள்ள வட்டாரக் கண் மருத்துவ நிறுவனத்திற்கு இடமாற்றப்பட்டார். இனப்பெருக்க இயக்குநீர் ஆய்வாளருக்கு அங்கே செய்யத்தக்க பணி ஏதுமில்லை. அதே மாதம் 19 ஆம் நாள் தம் வீட்டில் தற்கொலை செய்துகொண்டார்.

பிற்கால ஏற்பு

1986 ஆகஸ்ட் 6 அன்று மும்பையில் பிறந்த ஹர்ஷா என்ற குழந்தையே இந்தியாவின் முதல் சோதனைக்குழாய்க் குழந்தையாக அறிவிக்கப்பட்டது. அதன் பின்னணியில் இருந்த அறிவியலாளர் டி. சி. ஆனந்த் குமார். 1997 இல் முகோபாத்யாயின் கையெழுத்துக் குறிப்புகள் இவரிடம் ஒப்படைக்கப்பட்டன. அவற்றை ஆராய்ந்த ஆனந்த் குமார், தமக்கு முன்பே அதனைச் செய்தவர் முகோபாத்யாய்தான் என்று கரண்ட் சயின்ஸ் இதழில் எழுதினார். தமக்குக் கிடைத்திருந்த பெருமையைத் தாமே விட்டுக்கொடுக்கும் செயல் இது; அறிவியல் வரலாற்றில் அரிதாகவே காணப்படுவது. 2002 இல் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் முகோபாத்யாயின் பணியை ஏற்றுக்கொண்டது. துர்கா தம் 25 ஆவது பிறந்தநாளையொட்டி 2003 இல் பொதுமேடையில் தோன்றித் தம்மை அடையாளப்படுத்திக் கொண்டார்.

ரமாபத சௌதுரியின் அபிமன்யு என்ற வங்காளப் புதினம் இவரது வாழ்க்கையைத் தழுவியது. அதனை அடிப்படையாகக் கொண்டு தபன் சின்கா இயக்கிய இந்தித் திரைப்படம் ஏக் டாக்டர் கி மௌத் 1990 இல் வெளிவந்தது. அதில் வரும் மருத்துவர் கண்டுபிடிப்பது தொழுநோய்த் தடுப்பு மருந்து.