நோக்கம் மாறாத நல்லாயன் – புனித யோசேவ் வாஸ்



யூபிலி என்றதும் எம் கண்முன் வருவன கொடியேற்றம், கூட்டுத்திருப்பலி, நற்கருணைப் பவனி ஆகியவையே. இவை மகிழ்ச்சிக்குரியனதாம். ஆயினும் ஒரு பங்கு இத்தனை ஆண்டுகள் நிலைத்து நின்றது இத்தகைய பெருவிழாக்களினால் மட்டும் அன்று. விழா இல்லாத சாதாரண நாட்களிலும் விசுவாசத்தைக் கைவிடாது காத்தவர்கள் இருந்தமையாலேயே அது நிலைத்தது. எமது நாட்டிலே அவ்வாறு நிலைத்து நின்ற ஒரு குருவானவரின் வாழ்வை இம்மலரிலே உங்கள் முன் வைக்க விரும்புகின்றேன்.

புனித யோசேவ் வாஸ் 1651ஆம் ஆண்டு ஏப்ரல் 21ஆம் நாள் கோவாவிலுள்ள பெனாலிம் என்னும் ஊரிலே பிறந்தார். 1676இல் குருப்பட்டம் பெற்றார். அடுத்த ஆண்டிலே தம்மைத் தேவதாயின் நிரந்தர அடிமையாக ஒப்புக்கொடுத்து, ஒரு சாசனத்தையே எழுதி வைத்தார். மரியன்னையின் கையில் தம்மைக் கொடுத்த அவர் பின்னர் ஒருபோதும் தம்மைத் திருப்பி எடுத்துக்கொள்ளவில்லை.

அந்நாட்களிலே இலங்கைத் திருச்சபையின் நிலை மிகவும் இரங்கத்தக்கதாய் இருந்தது. 1658இல் ஒல்லாந்தர் போர்த்துக்கேயரிடமிருந்து யாழ்ப்பாணத்தைக் கைப்பற்றினர். கத்தோலிக்க குருக்கள் நாட்டைவிட்டு வெளியேற்றப்பட்டனர். குருவானவருக்குப் புகலிடம் கொடுப்பது மரண தண்டனைக்குரிய குற்றமாயிற்று. கோயில்கள் பறிக்கப்பட்டன. அக்காலத்தில் எம் முன்னோருக்குப் பூசையில்லை, பாவசங்கீர்த்தனமில்லை, அவஸ்தைப்பூசுதலுமில்லை. வீட்டிற்குள்ளே மறைத்து வைத்த செபமாலையும் தாய்மார் பிள்ளைகளுக்கு வாய்மொழியாகச் சொல்லிக்கொடுத்த மந்திரங்களுமே எஞ்சியிருந்தன.

இச்செய்தி கோவாவிலிருந்த இளங்குருவின் உள்ளத்தைத் தைத்தது. இலங்கைக்குப் போக வேண்டும் என்று அவர் விண்ணப்பித்தார். ஆனால் மேலதிகாரிகள் 1681இல் அவரைக் கன்னட நாட்டுப் பணிக்கு அனுப்பினர். அவர் முறுமுறுக்கவில்லை, தம் நோக்கத்தை மறக்கவுமில்லை. கொடுத்த பணியைச் செவ்வனே செய்து திரும்பினார். பின்னர் புனித பிலிப்பு நேரியாரின் ஒழுங்கைத் தழுவிய கோவா குருக்களின் குழுவிலே சேர்ந்தார். காலம் கனிந்ததும் யோவான் என்னும் பணியாளனை மட்டும் துணையாகக் கொண்டு புறப்பட்டார். கூலியாள் வேடத்திலே 1687இல் தூத்துக்குடியிலிருந்து கடல்கடந்து, மன்னார் வழியாக யாழ்ப்பாணம் வந்து சேர்ந்தார். 29 ஆண்டுகள் ஆயன் இல்லாதிருந்த மந்தைக்கு ஆயன் கிடைத்தான்.

வந்தவுடன் அவருக்குக் கிடைத்த வரவேற்பு வயிற்றளைச்சல் நோயே. அறிமுகமற்ற ஊரிலே, பிச்சைக்காரனைப் போலக் கிடந்தார். இரக்கமுள்ளோர் கொடுத்த கஞ்சியே அவர் உயிரைக் காத்தது. எழுந்து நடக்கத் தொடங்கியதும், கழுத்திலே செபமாலையை அணிந்துகொண்டு வீடு வீடாகப் பிச்சை கேட்டுச் சென்றார். அதைக் கண்டு எந்த முகம் மலர்கின்றது, எந்தக் கண் கலங்குகின்றது என்று கவனித்தார். அவ்வாறே கத்தோலிக்க வீடுகளை ஒவ்வொன்றாகக் கண்டுபிடித்தார். தாம் குரு என்று வெளிப்படுத்திய போது அம்மக்களின் உள்ளம் எப்படி இருந்திருக்கும்!

சில்லாலைக் கிராமம் அவருக்குப் புகலிடமாயிற்று. பகலெல்லாம் மறைந்திருந்து, இரவிலே ஊர் ஊராய்ச் சென்று திருப்பலி நிறைவேற்றினார். 1689ஆம் ஆண்டு நத்தார் இரவிலே ஒல்லாந்தரின் வீரர்கள் கூடியிருந்த மக்களைச் சுற்றி வளைத்தனர். பலர் சிறைப்பட்டனர், துன்புறுத்தப்பட்டனர். அடிகளார் தப்பினார். தம் பொருட்டு மக்கள் வதைபடுவதைக் கண்ட ஒரு மேய்ப்பனுக்கு அதைவிடப் பெரிய வேதனை வேறில்லை. ஊருக்குத் திரும்பிப் போக அதுவே தக்க காரணமாய் இருந்திருக்கும். அவரோ கோவாவுக்குத் திரும்பவில்லை. புத்தளம் சென்று பணியைத் தொடர்ந்தார்.

1692இல் கண்டி இராச்சியத்துள் நுழைந்தபோது, போர்த்துக்கேய ஒற்றன் என்று பழி சுமத்தப்பட்டுக் காவலில் வைக்கப்பட்டார். நாட்கள் வீணாகின்றன என்று அவர் சோர்ந்திருக்கவில்லை. சிறையிலேயே சிங்கள மொழியைக் கற்றார். இடங்கிடைத்ததும் சிறு குடிலொன்றைச் செபக்கூடமாக அமைத்தார். பின்னர் கடும் வறட்சி வந்தபோது அவர் பீடமமைத்து மன்றாட, மழை பொழிந்தது என்றும், அதனால் இரண்டாம் விமலதர்மசூரிய மன்னன் அவருக்குப் பணிசெய்யச் சுதந்திரம் அளித்தான் என்றும் அவர் சரிதை கூறுகின்றது.

1697இல் கண்டியிலே பெரியம்மை பரவியது. உற்றாரே நோயாளரை விட்டு ஓடினர். அடிகளாரோ கைவிடப்பட்டோரைத் தேடிச் சென்று கழுவினார், ஊட்டினார், இறந்தோரை அடக்கம் செய்தார். நோயாளி எந்தச் சமயத்தவர் என்று அவர் பார்க்கவில்லை. அதற்குச் சற்று முன்னர்தான் கோவாவிலிருந்து முதல் துணைக் குருக்கள் அவரிடம் வந்து சேர்ந்திருந்தனர். அதுவரை ஏறக்குறைய பத்து ஆண்டுகள் இந்த நாடு முழுவதற்கும் அவர் ஒருவரே குருவாயிருந்தார் என்பதை எண்ணிப் பாருங்கள். 1705இல் வந்த யாக்கோமே கொன்சால்வெஸ் அடிகளார் தமிழிலும் சிங்களத்திலும் நூல்கள் இயற்றி அப்பணிக்கு மெருகூட்டினார். உயர் பதவி தேடி வந்தபோது வாஸ் அடிகளார் அதை ஏற்க மறுத்தார். நடந்து நடந்து தேய்ந்த உடலோடு 1711ஆம் ஆண்டு ஜனவரி 16ஆம் நாள் கண்டியிலே இறைவனடி சேர்ந்தார். வந்து 24 ஆண்டுகள் ஆகியும் சொந்த ஊருக்கு அவர் ஒருமுறையேனும் திரும்பவில்லை. 1995இல் திருத்தந்தை இரண்டாம் அருளப்பர் சின்னப்பர் கொழும்பிலே அவருக்கு முத்திப்பேறு பட்டம் வழங்கினார். 2015 ஜனவரி 14ஆம் நாள் திருத்தந்தை பிரான்சிஸ் காலிமுகத்திடலிலே அவரைப் புனிதராக அறிவித்தார்.

அன்புக்குரியவர்களே, ஒரு உண்மையை உங்களிடம் மறைக்காமல் சொல்கின்றேன். பங்குப் பணியிலே மனம் சலித்த நாட்கள் எனக்கும் உண்டு. பூசைக்கு வந்தோர் விரல்விட்டு எண்ணக்கூடியவராய் இருந்த காலைகளிலே, வேறு பங்கு கேட்டு ஆயருக்குக் கடிதம் எழுத உட்கார்ந்ததும் உண்டு. அப்போதெல்லாம் செபமாலையைக் கழுத்திலிட்டு வீட்டு வாசலில் நின்ற அந்தப் பிச்சைக்காரக் குருவே நினைவுக்கு வருவார். ஒரு வீடாவது திறக்காதா என்று நடந்தவர் அவர். எனக்கோ திறந்த கோயிலும் கூப்பிட்டால் வரும் மக்களும் இருக்கின்றனர். எழுதத் தொடங்கிய கடிதத்தை மடித்து வைத்துவிட்டேன்.

ஆனால் அவர் வாழ்விலே இன்னொரு பாடமும் உண்டு. அவர் வந்தபோது கண்டுபிடிப்பதற்கு விசுவாசிகள் இருந்தார்களே! 29 ஆண்டுகள் குருவின்றி அந்த விளக்கை அணையாமல் காத்தவர்கள் யார்? பெயர் தெரியாத தாய்மாரும் தந்தையருமே. அவர்கள் செபமாலையைக் கைவிட்டிருந்தால், அதைக் கண்டு மலர்வதற்கு ஒரு முகமும் இருந்திராது. புனிதரின் நிலைபேற்றுக்கு வழி திறந்து வைத்தது அவர்களின் நிலைபேறே.

இன்று எமக்கு வாளுமில்லை, சிறையுமில்லை. ஆயினும் மாலைச் செபம் வீடுகளில் மெல்ல மெல்ல மறைகின்றது. தொலைக்காட்சிக்கும் கைப்பேசிக்கும் இருக்கும் நேரம் செபமாலைக்கு இல்லை. ஒல்லாந்தரால் பறிக்க முடியாததை நாமே கைநழுவ விடலாமா? நாளை ஒரு குரு எம் வாசலிலே வந்து நின்றால், செபமாலையை அடையாளங்கண்டு மலரும் முகம் எம் பிள்ளைகளிடம் இருக்குமா?

அடிகளாரின் கல்லறை எங்கே என்று இன்று காட்டுவாரில்லை. அவர் விட்டுச்சென்ற நினைவுச்சின்னம் விசுவாசத்தில் நிலைத்து நிற்கும் மக்களே. இந்த யூபிலி ஆண்டிலே ஒவ்வொரு வீட்டிலும் மாலைச் செபமாலை மீண்டும் ஒலிக்கட்டும். அதுவே அவருக்கு நாம் எழுப்பும் கல்லறையும், எம் பங்கிற்கு நாம் அளிக்கும் யூபிலிக் காணிக்கையுமாகும்.

புனித யோசேவ் வாஸ் அடிகளாரே, முடிவுமட்டும் நிலைத்திருக்க எங்களுக்காக வேண்டிக்கொள்ளும்.

உங்கள் பங்குத்தந்தை