ஒரு மணி நேரத்தின் கதையை எழுதியவர்: கேற் ஷோபான் (1850–1904)

கேற் ஷோபான் விதவைகளின் வீட்டில் வளர்ந்தவர். 1850 பெப்ரவரி 8ஆம் திகதி அமெரிக்காவின் சென் லூயிஸ் நகரில் பிறந்தார். தந்தை தோமஸ் ஓஃபிளாஹேற்றி அயர்லாந்திலிருந்து வந்து வணிகத்தில் உயர்ந்தவர். 1855 நவம்பரில் புதிய புகையிரதப் பாதையின் தொடக்கப் பயணத்தில் அவரும் சென்றார். கஸ்கனேட் ஆற்றுப் பாலம் இடிந்து புகையிரதம் ஆற்றில் வீழ்ந்தது. அப்போது மகளுக்கு ஐந்து வயது. அதன்பின் வீட்டை நடத்தியவர்கள் கணவரை இழந்த தாயும், பாட்டியும், பூட்டியுமே. பூட்டிதான் அவருக்குப் பிரெஞ்சு மொழியையும் இசையையும் ஊரின் பழைய கதைகளையும் சொல்லிக்கொடுத்தார்.

திருஇருதயக் கன்னியர் நடத்திய பாடசாலையில் படித்து 1868இல் வெளியேறினார். படிக்கும் காலத்திலேயே வாசித்ததையும் எண்ணியதையும் ஒரு குறிப்புப் புத்தகத்தில் எழுதிவந்தார். பழைய மாணவியராகிய எமக்கு இந்தச் செய்தி மகிழ்வு தருவது இயல்பே.

1870இல் ஒஸ்கார் ஷோபானை மணந்து நியூ ஓர்லியன்ஸ் சென்றார். ஒன்பது ஆண்டுகளுக்குள் ஐந்து ஆண், ஒரு பெண் என ஆறு பிள்ளைகள். கணவரின் பருத்தி வணிகம் நொடித்துப்போக, 1879இல் குடும்பம் லூசியானாவின் குளூட்டியர்வில் என்னும் கிராமத்துக்கு இடம்பெயர்ந்தது. 1882 இறுதியில் ஒஸ்கார் மலேரியாவால் இறந்தார். மனைவிக்கு மிஞ்சியவை ஆறு பிள்ளைகளும் பெருங்கடனுமே. அவர் கடையையும் காணிகளையும் தாமே நடத்திக் கணக்குகளைத் தீர்த்துவிட்டு, 1884இல் சென் லூயிஸ் திரும்பினார். மறு ஆண்டில் தாயும் காலமானார்.

அவரை எழுதத் தூண்டியவர் ஒரு வைத்தியர் என்பதை நாம் சற்றுப் பெருமையுடனேயே இங்கு குறிப்பிடுகிறோம். குடும்ப நண்பரான மகப்பேற்று வைத்தியர் பிரெடெரிக் கோல்பன்ஹையர், அவரது கடிதங்களில் எழுத்தாற்றலைக் கண்டவர். ஷோபான் மாப்பசானை விரும்பி வாசித்தார், மொழிபெயர்த்தும் பார்த்தார். பிள்ளைகள் சுற்றி நிற்க வீட்டுக் கூடத்தில் இருந்தே எழுதினார். ஏறத்தாழ 100 சிறுகதைகள் பிறந்தன.

அவற்றுள் 1894 ஏப்ரலில் எழுதி, அவ்வாண்டு டிசெம்பரில் வோக் இதழில் வெளியான கதை இரண்டு மூன்று பக்கங்களுக்கு மேல் இல்லை. இருதய நோயுள்ள திருமதி மலார்டிடம், கணவர் புகையிரத விபத்தில் இறந்துவிட்டார் என்ற செய்தியைப் பக்குவமாகச் சொல்கிறார்கள். அழுது முடித்து அறைக்குள் தனித்திருக்கும்போது, யன்னலுக்கு வெளியே இளவேனில். இனி வரும் ஆண்டுகள் தனக்கே உரியவை என்ற உணர்வு அவளுக்குள் மெல்ல எழுகிறது. அவள் கெட்ட மனைவி அல்லள். அவரும் கொடிய கணவர் அல்லர். ஷோபானின் சொந்த மணவாழ்வும் இனிதாகவே இருந்தது என்கிறார்கள். கதையின் துணிவு அங்கேதான் இருக்கிறது. அடிப்பவனையும் குடிப்பவனையும் விட்டு விலக விரும்பும் பெண்ணை ஊர் ஒருவாறு பொறுத்துக்கொள்ளும். நல்ல கணவனின் அன்புக்குள்ளும் தன் விருப்பம் இன்னொருவர் விருப்பத்தின் கீழ் வளைந்திருந்தது என்று உணர்பவளுக்கு எவர் இடம் கொடுப்பார்? அக்கால லூசியானாச் சட்டம் மனைவியின் சொத்தையும் ஒப்பந்தங்களையும் கணவனின் அதிகாரத்துக்கு உட்படுத்தியிருந்தது. காணியை விற்கக் கணவனின் எழுத்துமூலச் சம்மதம் கேட்டுவந்த தேசவழமையை அறிந்தவர்களுக்கு இது புதுமையாக இராது.

முடிவில் கணவர் உயிரோடு கதவைத் திறக்க, அவள் இறக்கிறாள். மகிழ்ச்சி தாங்காத இருதயம் என்று வைத்தியர்கள் தீர்மானிக்கிறார்கள். மரணக் காரணம் எழுதுவதைத் தொழிலாகக் கொண்ட நாம், அந்த இடத்தை எத்தனை முறை வாசித்தாலும் கூசிப்போகிறோம். அறைக்குள் அவள் என்ன நினைத்தாள் என்று எவரும் கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் படிவத்தில் அதற்கு இடமில்லை.

1899இல் வெளிவந்த அவரது நாவல் ‘விழிப்பு’ திருமணமான பெண்ணொருத்தியின் மனத்தை வெளிப்படையாகப் பேசியதற்காகக் கடும் கண்டனத்துக்கு உள்ளானது. அதன்பின் அவர் எழுதியவை குறைவு. 1904 ஓகஸ்ட் மாதம் சென் லூயிஸில் நடந்த உலகக் கண்காட்சியைப் பார்த்துவிட்டு வீடு திரும்பியவர், மூளையில் ஏற்பட்ட இரத்தப்பெருக்கால் 22ஆம் திகதி காலமானார். 1898இல் எழுதி, இதழ் எதற்கும் அனுப்பாமல் வைத்திருந்த ‘புயல்’ என்னும் கதை, நோர்வே ஆய்வாளர் பேர் சேயர்ஸ்டெட் தொகுத்த முழுத் தொகுப்பில் 1969ஆம் ஆண்டிலேயே அச்சேறியது.