பெங்களூர் நாகரத்தினம்மாள்

நஞ்சன்கூட்டில் 1878-இல் பிறந்து, சென்னையில் இசையாற் பெரும்புகழ் எய்தியவர் இவ்வம்மையார். தஞ்சைப் பிரதாபசிங்க மன்னர் அவையிலிருந்த முத்துப்பழனி என்னும் பெண்பாற் புலவர் தெலுங்கில் இயற்றிய 'ராதிகா சாந்துவனம்' பதிப்பாளராற் குறைக்கப்பட்டிருத்தல் கண்டு வருந்தி, ஏட்டுப்பிரதி தேடி, 1910-இல் வாவிள்ள பதிப்பகத்தார் வாயிலாக முழுநூலையும் வெளியிட்டார்.

கைம்பெண் மறுமணத்திற்கு உழைத்த கந்துகூரி வீரேசலிங்கம் பந்துலுவே அந்நூலை இழித்துரைத்திருந்தனர் என்பது வியப்பே! ஆடவர் பாடிய நூல்களில் இத்தகைய சிருங்காரம் இல்லையோ, நாணம் பெண்டிர்க்கு மட்டுமே உரியதோ என அம்மையார் முன்னுரையில் வினவினார். விடை கூறுவாரிலர். 1911-இல் அரசாங்கத்தார் பிரதிகளைப் பறிமுதல் செய்தனர்.

பின்னர்த் தம் பொருளெல்லாம் திருவையாற்றில் தியாகராஜர் சமாதிக்கே செலவிட்டார். அங்கு நிகழ்ந்த ஆராதனையிற் பெண்டிர் பாடுதற்கு இடமின்மையால், தனியே ஓர் ஆராதனையும் நடத்தினார். பிரகாசம் அவர்கள் முயற்சியால் 1947-இல் தடை நீங்கிற்று. 1952-இல் நூல் மீண்டும் அச்சேறியது. அவ்வாண்டு மே மாதத்திலேயே அம்மையார் காலமானார்.