பேசுவதற்கு ஓர் ஏடு

கருத்துச் சுதந்திரம் என்றதும் என் வயது நண்பர்கள் பலருக்கு நினைவுக்கு வருவது பதாகை ஏந்திய ஊர்வலமோ, சமூக ஊடகச் சண்டையோதான். எனக்கு நினைவுக்கு வருபவர் தமிழவேள் கோ. சாரங்கபாணி. தமிழ் முரசின் நிறுவனர், தமிழர் திருநாள் கண்டவர் என்று பள்ளியில் அவரைப் பற்றி நானும் மனப்பாடம் செய்திருக்கிறேன். தேர்வுக்கு அது போதும். அவருடைய வாழ்க்கையை ஆண்டுவாரியாகப் படித்தபோதுதான் இன்னொன்று புலப்பட்டது. கேட்பாரற்றுக் கிடந்த மக்கள் வாய்திறந்து பேச, அவர் ஓர் இடத்தை உண்டாக்கிக் கொடுத்தார்.

திருவாரூரில் 1903ஆம் ஆண்டு பிறந்த சாரங்கபாணி, 1924இல் சிங்கப்பூருக்கு வந்து கணக்கெழுதும் வேலையில் சேர்ந்தார். அன்றைய தமிழர்களில் பெரும்பாலோர் துறைமுகத்திலும் சாலைப் பணியிலும் மலாயாவின் ரப்பர் தோட்டங்களிலும் உழைத்தவர்கள். ஆண்டது பிரிட்டிஷ் அரசு. அச்சகம் நடத்தவே உரிமம் வாங்க வேண்டிய காலம் அது. தோட்டத் தொழிலாளிக்குக் குறை இருந்தால் கங்காணியிடம் சொல்லலாம். கங்காணி மீதே குறை என்றால் யாரிடம் சொல்வது?

1929 டிசம்பரில் தந்தை பெரியார் மலாயாவுக்கும் சிங்கப்பூருக்கும் வந்தார். சீர்திருத்த எண்ணம் இங்கு வேகம் பிடித்தது. 'முன்னேற்றம்' என்ற ஏட்டில் பணியாற்றிய சாரங்கபாணி, 1932இல் தமிழர் சீர்திருத்தச் சங்கம் உருவானபோது அதன் முன்னணியில் நின்றார். 1935 ஜூலை 6ஆம் தேதி வார இதழாகத் தொடங்கிய தமிழ் முரசு, 1937இல் நாளிதழானது.

அந்த ஏடு முதலில் கேள்வி கேட்டது சொந்தச் சமூகத்தைத்தான். சாதி வேற்றுமையை அது சாடியது; கள்ளுப் பழக்கத்தை எதிர்த்தது. தீமிதியும் கூடாது என்றது சீர்திருத்தச் சங்கம். பக்தர்களுக்குக் கோபம் வராமல் இருக்குமா? சௌத் பிரிட்ஜ் சாலை மாரியம்மன் கோயிலில் தீமிதி இன்றும் நடைபெறுகிறது. சங்கம் கேட்டது கிடைக்கவில்லை. ஆனாலும் கேட்டவர்களின் வாயை யாரும் அடைக்கவில்லை. நம்பியவர்களும் தங்கள் வழிபாட்டைக் கைவிடவில்லை. கருத்துரிமை என்பது சொல்வதற்கான உரிமை, சொன்னது நடந்தே தீரவேண்டும் என்ற உத்தரவாதம் அதில் கிடையாது என்பதை நான் இங்கேதான் கற்றுக்கொண்டேன்.

ஒரு கட்டுரை எழுதினாலே சிறை வாசலைப் பார்க்க நேரிட்ட காலமும் வந்தது. 1954 மே மாதம், சிங்கப்பூரில் இருந்த மலாயாப் பல்கலைக்கழகத்தின் மாணவர்கள் எட்டுப் பேர், 'ஃபஜார்' என்ற மாணவர் இதழில் வந்த கட்டுரைக்காகத் தேச நிந்தனைக் குற்றச்சாட்டில் கைதானார்கள். ஆகஸ்ட்டில் நீதிமன்றம் அவர்களை விடுவித்தது.

அதே பல்கலைக்கழகத்தில்தான் தமிழுக்கான போராட்டமும் எழுந்தது. அங்கு இந்திய இயல் துறை அமைக்கும் திட்டம் வந்தபோது, ஆலோசனை கேட்கப்பட்ட வரலாற்றறிஞர் நீலகண்ட சாஸ்திரி சமஸ்கிருதத்துக்கு முதலிடம் தரப் பரிந்துரைத்தார். இங்குள்ள இந்தியர்களில் பெரும்பான்மையோரின் மொழி தமிழ்தானே என்று தமிழ் முரசு தொடர்ந்து வாதாடியது. சாரங்கபாணி எழுதியதோடு நிற்கவில்லை. 'தமிழ் எங்கள் உயிர்' என்ற பெயரில் நிதி திரட்டினார். எளிய தொழிலாளர்களும் தங்களால் இயன்றதைக் கொடுத்தார்கள். 1956இல் அமைந்த துறையில் தமிழுக்கு இடம் கிடைத்தது. திரட்டிய நிதி பல்கலைக்கழகத் தமிழ் நூலகத்துக்குப் பயன்பட்டது. இன்று லிட்டில் இந்தியா ரயில் நிலையப் பலகையில் தமிழைப் பார்க்கும்போதெல்லாம், அது தானாக வந்து அமர்ந்த எழுத்தன்று என்று எனக்குத் தோன்றும்.

1957இல் சிங்கப்பூரில் குடியுரிமைச் சட்டம் வந்தது. ஊருக்குத் திரும்பிவிடலாம் என்ற எண்ணத்தில் தமிழர் பலர் தயங்கினர். பதிவு செய்துகொள்ளுங்கள் என்று முரசு விடாமல் எழுதியது. படிவம் நிரப்பத் தெரியாதவர்களுக்கு உதவியும் கிடைத்தது. இதன் அருமை, நம் அரசமைப்புச் சட்டத்தைப் புரட்டியபோதுதான் எனக்கு விளங்கியது. பேசவும், ஆயுதமின்றி அமைதியாகக் கூடவும், சங்கம் அமைக்கவும் உரிமை தரும் 14ஆவது பிரிவு, சட்டம் விதிக்கும் வரம்புகளுக்கு உட்பட்டு, அவற்றைக் குடிமக்களுக்குத்தான் தருகிறது. 1948ஆம் ஆண்டின் அனைத்துலக மனித உரிமைப் பிரகடனம் இவ்வுரிமைகள் எல்லா மனிதருக்கும் உண்டு என்கிறது. என்றாலும், ஒரு நாட்டில் அவற்றைக் கையில் பிடித்துக் கேட்க, குடியுரிமைச் சான்றிதழ் எவ்வளவு பெரிய துணை!

பெரியவர்களுக்கு மட்டுமா பேச்சுரிமை? 1950களில் 'மாணவர் மணிமன்றம்' வழியாக மாணவர்களின் எழுத்தையும் அவர் அச்சேற்றினார். இங்குள்ள எழுத்தாளர்கள் பலர் அங்கிருந்து வளர்ந்தவர்கள்.

அவர் வாழ்க்கையில் என்னை அதிகம் யோசிக்க வைப்பது 1963ஆம் ஆண்டு. தமிழ் முரசின் பணியாளர்களே வேலைநிறுத்தம் செய்தார்கள். ஏறத்தாழ ஓராண்டுக்கு ஏடு வெளிவரவில்லை. தொழிலாளர்களுக்காகப் பேசிய ஏட்டுக்குள்ளேயே தொழிலாளர் போராட்டம்! புகழ்மாலைகளில் இந்தப் பகுதியைத் தாண்டிச் செல்வோர் உண்டு. தாண்ட வேண்டியதில்லை என்பது என் எண்ணம். எதிர்ப்புத் தெரிவிக்கும் உரிமை நமக்குப் பிடித்தவர்களை மட்டும் விட்டுவைக்காது. அப்படி விட்டுவைத்தால் அது உரிமையாகவும் இருக்காது. முரசு மீண்டும் வெளிவந்தது. 1974 மார்ச் 16ஆம் தேதி காலமாகும்வரை தமிழவேள் மீதிருந்த மதிப்பும் குறையவில்லை.

இளையர்களாகிய நாம் நாளிதழ் தொடங்க வேண்டியதில்லை. வகுப்பில் நமக்குப் பிடிக்காத கருத்தைச் சொல்லும் தோழரை முதலில் முழுவதும் பேச விடுவோம். மறுப்பு இருந்தால், காரணத்தோடு, நம் பெயரைப் போட்டு எழுதுவோம்.