வேர்ச்சொற்களுக்குக் கணக்கெழுதிய எல்லிஸ் துரை

நம் ஆரப்பாளையம் பஸ் நிலையத்தில் திண்டுக்கல் வண்டி ஏறாதவர் நம்மில் குறைவு. அந்தத் திண்டுக்கல்லில் பிரான்சிஸ் வைட் எல்லிஸ் என்ற ஆங்கிலேயரின் கல்லறை இருக்கிறது. அவர் திருக்குறளுக்கு உரை எழுதியதைச் சொல்லும் தமிழ்க் கல்வெட்டும் அதற்கு உண்டு. தமிழ், தெலுங்கு, கன்னடம் முதலியவை சம்ஸ்கிருதத்திலிருந்து பிறந்தவை அல்ல, அவை தனிக் குடும்பம் என்று முதலில் ஆதாரத்தோடு அச்சில் காட்டியவர் இவர்தான். கால்டுவெல்லுக்கு 40 வருடம் முந்தியவர். ஆனாலும் கால்டுவெல்லைத் தெரிந்த அளவுக்கு இவரை நமக்குத் தெரியாது. அதற்கு நம் மதுரையில் நடந்த ஒரு காரியமும் காரணம்.

எல்லிஸ் 1777-ல் பிறந்தார். 1796-ல் கிழக்கிந்தியக் கம்பெனியில் 'ரைட்டர்' வேலையில் சேர்ந்து சென்னைக்கு வந்தார். ரைட்டர் என்றால் குமாஸ்தாதான். பிறகு வருவாய் வாரியத்தின் செயலாளர், மசூலிப்பட்டினத்தில் நீதிபதி என்று உயர்ந்து, 1810-ல் சென்னைக் கலெக்டர் ஆனார். 1818-ல் சென்னையில் குடிதண்ணீர்ப் பஞ்சம் வந்தபோது 27 கிணறுகள் வெட்ட வைத்தார். இராயப்பேட்டையில் ஒரு கிணற்றுக் கல்வெட்டில் அதற்குக் காரணமாகத் திருக்குறளையே எடுத்துக் காட்டியிருக்கிறார். திருவள்ளுவர் உருவம் பொறித்த தங்க நாணயத்தை வெளியிட்டவரும் இவரே என்று கல்வெட்டு அறிஞர் ஐராவதம் மகாதேவன் எழுதியிருக்கிறார்.

அந்தக் காலத்தில் மொழிகளின் பூர்வீகம் பெரிய ஆராய்ச்சியாக இருந்தது. 1786-ல் கல்கத்தாவில் வில்லியம் ஜோன்ஸ், சம்ஸ்கிருதம், கிரேக்கம், லத்தீன் மூன்றும் ஒரே தாயிடமிருந்து வந்திருக்க வேண்டும், அந்தத் தாய் இன்று இல்லாமலும் போயிருக்கலாம் என்று சொன்னார். அதன் பிறகு, இந்திய மொழிகள் எல்லாம் சம்ஸ்கிருதத்தின் பிள்ளைகள் என்ற கருத்து கல்கத்தா அறிஞர்களிடம் வலுத்தது.

சென்னையில் 1812-ல் கம்பெனி அதிகாரிகளுக்கு நாட்டு மொழிகள் கற்றுத்தரப் புனித ஜார்ஜ் கோட்டைக் கல்லூரி தொடங்கியது. அதன் மூளையாக இருந்தவர் எல்லிஸ். பட்டாபிராம சாஸ்திரி, சங்கரய்யா, முத்துசாமிப் பிள்ளை போன்ற நம்மவர்கள் அவருடன் இருந்தார்கள். தெலுங்கு வேர்ச்சொற்களைத் தொகுத்தவர் பட்டாபிராம சாஸ்திரி. இவர்கள் அறிவு இல்லாமல் எல்லிஸ் வேலை நடந்திருக்காது.

1816-ல் காம்பெல் என்பவர் வெளியிட்ட தெலுங்கு இலக்கண நூலில், முன்னுரைக்கு ஒரு குறிப்பாக எல்லிஸின் கட்டுரை வந்தது. அவர் செய்தது ஒரு கணக்குப் பிள்ளையின் வேலைதான். சம்ஸ்கிருத வேர்களையும் தெலுங்கு வேர்களையும் பக்கத்துப் பக்கத்தில் பத்தி பிரித்து எழுதினார். டேலி ஆகவில்லை. அடுத்து தமிழ், தெலுங்கு, கன்னட வேர்களை அப்படியே எழுதினார். வரிக்கு வரி ஒத்துப் போயிற்று.

எளிய உதாரணம் பார்ப்போம். தமிழில் மூன்று, தெலுங்கில் மூடு, கன்னடத்தில் மூரு. சம்ஸ்கிருதத்திலோ த்ரி. அது ஆங்கிலத்தின் த்ரீ-க்கு உறவு, நம் மூன்றுக்கு அல்ல. அப்படியானால் தெலுங்கில் இத்தனை சம்ஸ்கிருதச் சொற்கள் எப்படி வந்தன? வங்கியில் வேலை பார்த்த நான் இப்படித்தான் புரிந்துகொள்கிறேன். அவை கடன் கணக்கு. ஒரு வியாபாரி எவ்வளவு கடன் வாங்கினாலும், கடன் கொடுத்தவர் அவருக்குத் தகப்பனார் ஆகிவிட மாட்டார். குடும்பத்தைக் காட்டுவது சொந்த முதல். மொழிக்கு அந்த முதல், வேர்ச்சொல்.

மலையாளம், துளு, குடகு மொழிகளையும், வெகு தூரத்தில் கங்கைப் பக்கம் ராஜ்மகால் மலைவாசிகள் பேசும் மொழியையும் எல்லிஸ் இந்தக் குடும்பத்தில் சேர்த்தார். பாகிஸ்தானின் பலுசிஸ்தானில் பேசும் பிராகுயியும் நம் உறவு என்பது பின்னால் தெரிந்தது. இவை எல்லாவற்றுக்கும் தாயான மொழி மறைந்துவிட்டது. அதற்கு ஒரு கல்வெட்டு கிடையாது, ஓர் ஓலை கிடையாது. பிள்ளைகளை ஒப்பிட்டே அதன் சொற்களை அறிஞர்கள் மீட்கிறார்கள். அப்படி மீட்ட சொல்லுக்கு முன்னால் ஒரு நட்சத்திரக் குறி போடுவது வழக்கம். எழுத்தில் பார்த்ததில்லை, கணக்கில் வந்தது என்று அர்த்தம். சிந்துவெளி முத்திரைகளில் இருப்பது இந்தக் குடும்பத்து மொழிதானா என்பது இன்னும் முடிவாகவில்லை.

நாற்பது வயது வரை படிப்பது, அதன் பிறகே பெரிதாக வெளியிடுவது என்று எல்லிஸ் தீர்மானம் வைத்திருந்தார். தெற்கே ஆராய்ச்சிக்காக வந்தவர், 1819 மார்ச்சில் இராமநாதபுரத்தில் தவறுதலாக விஷம் உட்கொண்டு இறந்துபோனார். வயது நாற்பதை ஒட்டித்தான் இருக்கும். திருக்குறள் உரை பாதியில் நின்றது.

அவருடைய சாமான்கள் ஏலத்துக்குப் போயின. கையெழுத்துக் காகிதங்களில் ஒரு பகுதி மதுரைக் கலெக்டர் வீட்டில் கிடந்தது. அங்கிருந்த சமையல்காரர் அடுப்பு பற்றவைக்கவும் கோழி பொசுக்கவும் மாதக்கணக்கில் அதைத்தான் எடுத்தார் என்று பின்னாளில் வால்டர் எலியட் எழுதி வைத்தார். சமையல்காரரைக் குற்றம் சொல்லிப் பயனில்லை. வேண்டாத காகிதம் என்று விட்டுவைத்தது படித்தவர்கள்தான். தப்பிய கொஞ்சம் இன்று ஆக்ஸ்போர்டில் பாட்லியன் நூலகத்தில் இருக்கிறது.

1856-ல் கால்டுவெல்லின் ஒப்பிலக்கணம் வந்தது. அது பெரிய, முழுமையான வேலை. அந்தப் புகழ் அவருக்கு நியாயமாகவே சேர்ந்தது. ஆனால் முதல் வரவு எல்லிஸ் பெயரில்தான் எழுதப்பட வேண்டும். அச்சில் ஏறிய சில பக்கங்கள் இருந்ததால்தான் அதையாவது இன்று சொல்ல முடிகிறது.

நம் தெருக்களிலும் பழைய வீடுகளை இடித்துக் கட்டுகிறோம். பரணில் தாத்தா காலத்து ஓலைச்சுவடியோ, கையெழுத்து நோட்டோ, பழைய பத்திரமோ இருந்தால் எடைக்குப் போடும் முன் படிக்கத் தெரிந்த ஒருவரிடம் காட்டுங்கள். தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழகத்தில் ஓலைச்சுவடிக்கென்றே தனித் துறை இருக்கிறது. அடுத்த முறை திண்டுக்கல் போகிறவர்கள், நேரம் இருந்தால் எல்லிஸ் துரையையும் ஒரு எட்டு பார்த்துவிட்டு வாருங்கள்.