எல்லையில் விட்டுவந்த பெட்டி

ஸ்பானியக் கவிஞர் அந்தோனியோ மச்சாதோவின் பெயரை அறியாதவரும் வழிப்போக்கனைப் பற்றி அவர் எழுதிய சிறு கவிதையை எங்கேனும் கேட்டிருக்கக்கூடும். அதிலிருந்து ஓரடியைக்கூட இங்கே எடுத்தாளப் போவதில்லை. அதை எழுதியவர் தம் கடைசி வழியை எவ்வாறு கடந்தார் என்பதே நம் பொருள்.

1875இல் செவில் நகரில் பிறந்தவர். தந்தையார் நாட்டுப்பாடல்களைத் தேடித் தொகுத்த அறிஞர். மச்சாதோ 1907இல் சோரியா என்னும் சிற்றூருக்குப் பிரெஞ்சு ஆசிரியராகச் சென்றார்; 1909இல் லெயோனோரை மணந்தார். அவளுக்கு வயது 15, இவருக்கு 34. மூன்றாண்டில் காசநோய் அவளைக் கொண்டுபோயிற்று. அவரை நிலைநிறுத்திய ‘காஸ்தீலியா வயல்வெளிகள்’ வெளிவந்ததும் அதே 1912இல்தான். பிறகு பாயெசா, செகோவியா என ஊர் மாறியதேயன்றி ஆசிரியத்தொழில் மாறவில்லை. 1927இல் ஸ்பானிய அரசவைக் கழகம் அவரை உறுப்பினராகத் தேர்ந்தெடுத்தது. ஏற்புரை நிகழ்த்தினால்தான் இருக்கை. அவ்வுரையை அவர் கடைசிவரை நிகழ்த்தவேயில்லை. கூச்சமோ, அசட்டையோ, நமக்கு அவர்மேல் அன்பு பெருகுவது இத்தகைய இடங்களில்தான்.

1936இல் உள்நாட்டுப் போர் மூண்டது. அண்ணன் மனுவேலும் கவிஞர். இருவரும் சேர்ந்து நாடகங்கள் எழுதியவர்கள். போர் தொடங்கியபோது மனுவேல் பூர்கோஸ் நகரில் இருந்தார். அந்நகரோ பிராங்கோவின் பக்கம். அங்கேயே தங்கி அத்தரப்பைப் போற்றி எழுதினார். அந்தோனியோ குடியரசின் பக்கம் நின்றார். மாத்ரித், வலென்சியா, பார்சலோனா என அரசு பின்வாங்கிய வழியே தாயையும் தம்பி ஹோசேயின் குடும்பத்தையும் கூட்டிக்கொண்டு இவரும் பின்வாங்கினார். உடல் நலிந்தது; நடை தளர்ந்தது; நாளிதழ்க் கட்டுரைகள் மட்டும் நிற்கவில்லை.

1939 ஜனவரி 22ஆம் நாள் இரவு, எதிரிப்படை பார்சலோனாவை நெருங்கிவிட்ட நிலையில், அரசு ஏற்பாடு செய்த வண்டியில் புறப்பட்டனர். அவருக்கு வயது 63. தாய் ஆனா ரூயிஸ் எண்பதைக் கடந்தவர். நான்கு நாளில் நகரம் வீழ்ந்தது. வழியில் பண்ணைவீடுகளில் தங்கல். பிறகு கிடைத்த ஆம்புலன்சில் இடம். சாலை நெடுகிலும் மூட்டையும் பிள்ளையுமாக மக்கள். அந்தக் குளிர்காலத்தில் பிரான்சுக்குள் புகுந்தோர் நான்கு லட்சத்துக்கும் மேற்பட்டோர். 27ஆம் நாள் மாலை, பிரனீஸ் மலைத்தொடர் கடலில் வந்து முடியும் இடத்தில், எல்லைக்குச் சற்று முன்னே வண்டி நின்றுவிட்டது. கொட்டும் மழை. பெட்டிகளை விட்டுவிட்டு நடக்க வேண்டியதாயிற்று. அவருடைய கையெழுத்துப் பிரதிகள் இருந்த பெட்டியும் அங்கேயே நின்றது. அது பிறகு கிடைக்கவேயில்லை.

எல்லைச்சாவடியில் உதவியவர் எழுத்தாளர் கொர்ப்புஸ் பார்கா. இந்த முதியவர் ஸ்பெயினுக்கு யார் என்பதை அவர் பிரெஞ்சு அதிகாரிக்கு விளங்கவைத்தார். பால் வலேரியின் பெயர் அங்கே சாவியாயிற்று. அதிகாரி தம் காரிலேயே செர்பேர் ரயில்நிலையம்வரை அனுப்பினார். கவிஞர் என்ற பெயர் ஒரு கதவையேனும் திறந்தது. பெயரில்லாத மற்றவர்களுக்கு அர்ழலேஸ் கடற்கரையில் முள்வேலி முகாம் காத்திருந்தது. இதையும் சேர்த்துச் சொல்லாவிட்டால் நாம் கவிஞர்களுக்குள் பெருமை பேசிக்கொள்வதாகிவிடும்.

அன்றிரவு ஒரு ரயில்பெட்டியில் குளிரில் கழிந்தது. மறுநாள் கொல்யூர் என்னும் மீனவ ஊர். நிலையத்திலிருந்து தாயைக் கொர்ப்புஸ் பார்கா கைகளில் ஏந்திச் சென்றார்; அந்த அம்மையாரோ செவிலுக்குத் திரும்பிக்கொண்டிருப்பதாகவே எண்ணியிருந்தார். சிறு விடுதியொன்று இடம் கொடுத்தது. ஒருநாள் தம்பியுடன் கடற்கரைக்குப் போய் நெடுநேரம் அமர்ந்திருந்த மச்சாதோ, அங்குள்ள மீனவர் வீடொன்றில் கவலையின்றி வாழ ஆசைப்பட்டதாக ஹோசே எழுதிவைத்திருக்கிறார்.

பிப்ரவரி 22ஆம் நாள் மச்சாதோ மறைந்தார். குடியரசுக் கொடி போர்த்திய பெட்டியை, அகதிகளாக வந்திருந்த ஸ்பானிய வீரர்கள் சுமந்தனர். மூன்றே நாளில், 25ஆம் நாள், தாயும் போய்ச்சேர்ந்தார். செய்தியறிந்து பூர்கோசிலிருந்து எல்லை கடந்து வந்த மனுவேல், தம்பியின் கல்லறைக்கென வந்த இடத்தில்தான் தாயும் இல்லை என்று அறிந்தார். இரண்டு நாள் இருந்துவிட்டுத் திரும்பிப் போனார். அவரைப் பழிக்க எனக்கு மனம் வரவில்லை.

பின்னர் ஹோசே அண்ணனின் மேலங்கிப் பையில் ஒரு கசங்கிய தாளைக் கண்டெடுத்தார். அதில் ஹாம்லெட்டின் புகழ்பெற்ற தொடர் இருந்தது. சிறுவயதின் வெயிலைப் பற்றிய புதிய அடி ஒன்று. பழைய கவிதையொன்றின் நான்கடிகள், சிறு திருத்தத்துடன். தொலைந்த பெட்டியைப் பற்றியே பலரும் எழுதுகிறார்கள். எனக்கோ அந்தத் திருத்தம்தான் மனத்தைவிட்டு அகலாதது. அச்சேறி முடிந்த அடிகளை, அடுத்த பதிப்பு வருமென்ற உறுதி எதுவும் இல்லாத விடுதியறையில், அவர் மறுபடி செப்பனிட்டிருக்கிறார்.

1941இல் பிராங்கோ அரசு, இறந்து இரண்டாண்டான இந்த ஆசிரியரைப் பணிநீக்கம் செய்தது. ஆணை விலக்கப்பட்டு ஆசிரியர் பட்டியலில் அவர் மீண்டும் சேர்க்கப்பட்டது 1981இல். இரவலாகக் கிடைத்த கல்லறையிலிருந்து 1958இல் மகனையும், அவருடன் தாயையும் கொல்யூரிலேயே ஒரு தனிக் கல்லறைக்கு மாற்றினார்கள். அதனருகே ஓர் அஞ்சல்பெட்டி இருக்கிறது. வருவோர் அதில் அவருக்குக் கடிதம் போட்டுவிட்டுப் போகிறார்கள்.